குன்னூர் படிக்கட்டுக் கடை: பச்சைச் சீட்டு, மஞ்சள் சீட்டு, சிவப்புச் சீட்டு

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மார்க்கெட் பக்கம் நடந்தால், ஸ்வெட்டர் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் ஒரு சிமெண்ட் படிக்கட்டு மேலே ஏறும். பதினேழு படி. மழை நாளில் பாசி வழுக்கும், கைப்பிடியை விடாதீர்கள். ஏறி முடித்ததும் இடது பக்கம் பத்துக்குப் பத்தில் ஓர் அறை. வெளியே பெயர்ப்பலகை இல்லை. முன்பு பள்ளிக்கூடப் பை தைத்து விற்ற கடை அது. பழைய ஆட்கள் இன்னமும் 'பைக்கடை' என்றுதான் சொல்வார்கள். அப்பா ஓய்ந்த பிறகு மகன் பொம்மைக்கு மாற்றிவிட்டார். எல்லா பொம்மையும் கிடையாது. காரும் துப்பாக்கியும் கேட்டால் கீழே இருக்கும் ஃபேன்சி ஸ்டோருக்கு அனுப்பிவிடுவார். இங்கே பூதங்கள் மட்டும்தான். பல்லை இளிக்கும் குட்டிகள், ஜப்பான்காரர்களின் ராட்சத மிருகங்கள், கொம்பு வைத்தது, வால் வைத்தது, ஒற்றைக் கண் வைத்தது.

நான் இந்தக் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு துண்டுக் காகிதம். ஒவ்வொரு பொம்மையின் கழுத்திலும் நூலில் கோர்த்து ஒரு சீட்டு தொங்குகிறது. பச்சை என்றால் ஒரிஜினல். மஞ்சள் என்றால் காப்பி. சிவப்பு என்றால் 'நம்மது'. பேனாவால் அப்படியே தமிழில் எழுதியிருக்கிறார். கேட்டால்தான் சொல்வேன் என்கிற கதையே இல்லை. உள்ளே நுழைந்த ஐந்தாவது நொடியில் எது எது என்று தெரிந்துவிடும். எத்தனை கடையில் இப்படி இருக்கிறது? எனக்குத் தெரிந்து இந்த மலையில் இது ஒன்றுதான்.

எனக்குத் தொழில் தையல். இருபத்திரண்டு வருடமாக மிஷின் மிதிக்கிறேன். எந்தத் துணியைக் கையில் கொடுத்தாலும் முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பேன். அந்தப் பழக்கம் இருந்தும் போன மே மாதம் ஏமாந்தேன். மலர்க் கண்காட்சி நேரம், ஊட்டியில் கால் வைக்க இடமில்லை. என் மகள் எட்டாம் வகுப்பு. பாட்டி கொடுத்தது, மாமா கொடுத்தது என்று எட்டு மாதம் சேர்த்த காசு அவளிடம் 1,800 ரூபாய் இருந்தது. பையில் மாட்டும் லபுபு பொம்மைதான் வேண்டும் என்றாள். ஒரு கடையில் "நூறு சதவீதம் ஒரிஜினல்மா, துபாய்ல இருந்து வந்தது" என்றார்கள். பெட்டி பளபளவென்று இருந்தது. கூட்டம் பின்னால் இருந்து நெருக்கியது. காசைக் கொடுத்துவிட்டோம்.

எட்டாம் நாள் பொம்மையின் இடது கை கழன்று பையிலிருந்து விழுந்தது. திரும்ப அந்தக் கடைக்குப் போய்க் கேட்டதற்கு, "நீங்க இழுத்திருப்பீங்க" என்று ஒரே வார்த்தை. மகள் பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை பேசவில்லை. அன்று ராத்திரி அந்தப் பொம்மையின் முதுகுத் தையலைப் பிரித்துப் பார்த்தேன். அங்குலத்துக்கு நான்கு தையல்கூட இல்லை. ஓரம் விட்டிருக்க வேண்டிய கால் அங்குலத் துணி இல்லவே இல்லை, விளிம்பிலேயே ஊசி ஓடியிருக்கிறது. உள்ளே அடைத்திருந்தது ஸ்பாஞ்சுத் துண்டும் கட்டிங் டேபிளுக்கு அடியில் பெருக்கி அள்ளுவோமே, அந்த நூல் குப்பையும். என் கடையில் வேலை பழக வரும் பெண் முதல் வாரத்தில்கூட இப்படித் தைக்க மாட்டாள்.

அந்தக் கையைச் சரி பண்ண முடியுமா என்று விசாரிக்கப் போய்த்தான் படிக்கட்டுக் கடை தெரிய வந்தது.

கடைக்காரத் தம்பிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். பொம்மையை வாங்கியதும் என் மகளிடம்தான் பேசினார், என்னிடம் இல்லை. "பாப்பா, பல்லை எண்ணு." எண்ணினாள். பதினொன்று. அலமாரியில் இருந்து பச்சைச் சீட்டு ஒன்றை எடுத்து வைத்தார். "இதை எண்ணு." ஒன்பது. அப்புறம் இரண்டு முகத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தார். ஒரிஜினலின் முகம் வெளிறிய பீச் நிறத்தில், வெயில் படாத தோல் மாதிரி இருந்தது. எங்களுடையது எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்கியது. ரூபாய் நோட்டு பார்க்கிற ஊதா விளக்கை எடுத்து ஒரிஜினலின் பாதத்தில் அடித்தார். கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஒரு சின்ன உருவம் மேலெழும்பி ஒளிர்ந்தது. புதிய வரிசைகளில் இந்த முத்திரை இருக்குமாம். எங்களுடையதில் வெறும் பாதம். பெட்டியையும் கேட்டார். ஒரிஜினல் பெட்டி மங்கலாக, கை வைத்தால் மெத்தென்று இருக்கிறது, பளபளப்பதுதான் போலி. நான் அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் நம்பினேன்.

இந்தச் சோதனைக்கு 30 ரூபாய் வாங்குகிறார். கை தைத்துக் கொடுக்க 80. நானே தையல்காரி, இதற்கு எதற்குக் காசு என்று உங்களுக்குத் தோன்றலாம். பொம்மையின் கை உருண்டைத் தையல். வளைந்த ஊசி வேண்டும், வெளியே முடிச்சு தெரியாமல் உள்ளே இழுத்துக் கட்ட வேண்டும். அவருடைய அம்மா அதைச் செய்கிறார். பக்கத்தில் நின்று பார்த்தேன். இரட்டை நூல், நான்கு சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பின்தையல். இன்றுவரை அந்தக் கை அசையவில்லை.

லபுபு பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இதை வரைந்தவர் காசிங் லுங். ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்தவர். வட ஐரோப்பியக் குட்டிச்சாத்தான் கதைகளைக் கேட்டு வளர்ந்த பாதிப்பில் 2015-இல் படக்கதையாக வரைந்த கூட்டத்தில் ஒருத்திதான் லபுபு. ஆமாம், பெண் பிள்ளை. முதலில் வினைல் பொம்மையாக வந்தது. 2019-இல் சீனாவின் பாப் மார்ட் கம்பெனி உரிமை வாங்கியது. பையில் மாட்டும் ரோமப் பொம்மை 2023-இல் வந்தது. அடுத்த வருடம் ஏப்ரலில் பிளாக்பிங்க் என்ற கொரியப் பாட்டுக் குழுவின் லிசா தன் பையில் மாட்டிக்கொண்டு வந்தபிறகு உலகமே திரும்பிப் பார்த்தது. 2025 ஜூனில் ஆள் உயர லபுபு ஒன்று பெய்ஜிங் ஏலத்தில் பத்து லட்சம் யுவானுக்கு மேல் போனது. போலிகளுக்கு 'லஃபுஃபு' என்று தனிப் பெயரே வந்துவிட்டது. அப்புறம், இது மெசபொடேமியாவின் பசூசு என்கிற பேய் என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி சுற்றியதே, அது தப்பு. பிள்ளைகளிடமிருந்து பிடுங்கித் தூக்கிப் போடாதீர்கள்.

என் மாமியார் இதை முதன்முதலாகப் பார்த்தபோது கேட்ட கேள்வி வேறு. "இது வாசல்ல கட்டுற திருஷ்டி பொம்மைதானே? இதை ஏன் பையில கட்டிட்டுப் போறா?" நான் வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது நியாயம். முட்டைக் கண், வாய் நிறையப் பல். கட்டி முடியாத வீட்டுக்கு முன்னால் தொங்கும் பூசணிக்காயில் வரைகிற முகமும் அதுதான். அந்த முகத்துக்கு ஒரிஜினல் எது? யாருக்கும் தெரியாது. கொத்தனார் வரைவார், பெயிண்டர் வரைவார், ஒருவர் மீசை முறுக்கிவிடுவார், இன்னொருவர் நாக்கைத் தொங்கவிடுவார். யாரும் யாருடைய பெயரையும் சொல்லி விற்பதில்லை. அதனால் அங்கே போலி என்ற பேச்சே எழுவதில்லை. ஒருவருடைய பெயரை ஒட்டி, அவர் செய்யாததை விற்கும்போதுதான் வயிறு எரிகிறது.

இந்தக் கோபம் எனக்குப் பொம்மையோடு வந்தது இல்லை. எங்கள் மலையின் தோடர் பழங்குடியினரின் பூத்தையல் பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்பும். கோடு போட்டுக்கொள்ளாமல், நூலை எண்ணி எண்ணித் தைப்பார்கள். திருப்பிப் போட்டாலும் அழகாக இருக்கும், இரண்டு பக்கமும் போர்த்தலாம். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படியும் மிஷினில் அடித்த சால்வையைக் 'கையால் தைத்தது' என்று சொல்லி விற்கிறார்கள். என் அக்கா ஒன்று வாங்கி வந்து காட்டினாள். திருப்பினேன், உள்பக்கம் முழுக்க மிஷினின் அடியில் ஓடும் வெள்ளை பாபின் நூல். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தத் தையலைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, 'இது நான் தைத்தது' என்று சொல்லி விற்றால் யாருக்கும் கோபம் வராது.

சரி, கடைக்கு வருகிறேன். பச்சை அலமாரியில் புதுச் சரக்கு அதிகம் இல்லை. பெரும்பாலும் கை மாறியவை. பெங்களூரு, சிங்கப்பூர் என்று வேலைக்குப் போன பிள்ளைகள் வாங்கிச் சேர்த்து, பிறகு விற்பவை. வாங்கிய பில் இருந்தால் பில்லைச் சேர்த்தே தருகிறார். விலை குறைவு என்று சொல்ல மாட்டேன். பொம்மை இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. வெளிநாட்டுப் பொம்மை இங்கே மலிவாகக் கிடைக்கிறது என்றாலே சந்தேகப்பட வேண்டியதுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் மூடிய பெட்டிகளை அவர் வைப்பதே இல்லை. ஆறு நிறத்துக்கு நடுவில் எழுபத்திரண்டில் ஒன்று ரகசியப் பொம்மையாக வரும் என்று ஆசை காட்டி விற்கிற முறை அது. சின்ன வயதில் பெட்டிக்கடையில் காசு கொடுத்துச் சீட்டுக் கிழிப்போமே, அதே சங்கதி. பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு அது அறவே பிடிக்காது. அவர் வைக்காதது நல்லது.

ஜப்பான் மிருகங்கள் இருக்கும் தட்டுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இவை பஞ்சு பொம்மை இல்லை, மெத்தென்ற வினைல். உலோக அச்சில் திரவ வினைலை ஊற்றி, சூடான எண்ணெயில் முக்கி, ஓரத்தில் இறுகியதும் மீதியைக் கொட்டிவிட்டு, சூடு ஆறுவதற்குள் இழுத்து எடுப்பார்கள். ஜப்பானில் 1966 வாக்கில் மாருசான் கம்பெனி இப்படிச் செய்த மிருகங்கள் பிரபலமாயின. தம்பி இரண்டு காட்ஸில்லாவைப் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தார், ஒன்று பச்சைச் சீட்டு, ஒன்று மஞ்சள். "அக்கா, தோள் உயரத்தைப் பாருங்க." மஞ்சள் சீட்டுக்காரன் ஒரு நூல் குட்டை. முதுகு முட்களும் மழுங்கியிருந்தன.

காரணத்தைச் சொன்னபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஒரிஜினல் பொம்மையையே மாதிரியாக வைத்து இன்னொரு அச்சு எடுக்கிறார்கள். வினைல் ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். ஒரிஜினல் ஏற்கெனவே ஒரு தடவை சுருங்கியது, அதிலிருந்து எடுத்தது இன்னொரு தடவை சுருங்குகிறது. காப்பியிலிருந்து காப்பி எடுத்தால் மறுபடியும். எங்கள் தொழிலிலும் இது உண்டு. அளவு ஜாக்கெட் கொடுப்பார்கள், பத்துத் தடவை துவைத்துச் சுருங்கியதாக இருக்கும். அதை அப்படியே வைத்து வெட்டினால் புதுசும் இறுக்கிப் பிடிக்கும். அதில் வெட்டியதை அடுத்த தடவை அளவுக்குக் கொண்டுவந்தால் கை தூக்கவே முடியாது. உடம்பை அளந்து வெட்டினால் மட்டும்தான் சரியாக உட்காரும். இருபத்திரண்டு வருடம் தெரிந்த விஷயம், ஒரு ரப்பர் மிருகத்தின் தோளில் வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை.

அதே தட்டில் கழுத்தைச் சுற்றிப் பெரிய விசிறி விரித்த ஒரு மிருகம் இருக்கிறது. ஜிராஸ். 1966-இல் வந்த அல்ட்ராமேன் என்ற ஜப்பான் டிவி தொடரில் தோன்றியது. அந்தத் தொடரை எடுத்தவர்களிடம் ஒரு காட்ஸில்லா வேஷ உடுப்பு இருந்திருக்கிறது. அதன் கழுத்தில் ஒரு காலரை வைத்துத் தைத்து, வேறு பெயர் வைத்து, வேறு மிருகமாக இறக்கிவிட்டார்கள். சண்டையில் அல்ட்ராமேன் அந்தக் காலரைப் பிய்த்து எறிவான், உள்ளே நம் பழைய காட்ஸில்லா நிற்கும். பழைய பாவாடைக்கு ஃப்ரில் வைத்துப் புதுசாக்குகிற வேலை! அந்த காட்ஸில்லாவும் 1954-இல் வானத்திலிருந்து குதிக்கவில்லை. டைனோசர்களின் உடம்பை எடுத்து, ஸ்டெகோசாரஸின் முதுகுத் தகடுகளை ஒட்டிச் செய்தது. எடுத்தார்கள், ஆனால் எடுத்ததில் தங்கள் கையை வைத்தார்கள்.

இன்னொரு கதையும் சொன்னார். அந்தக் காலத்தில் ஹாங்காங்கில் இருந்து மலிவான பிளாஸ்டிக் மிருகங்கள் பை பையாக வந்து அமெரிக்கக் கடைகளில் கிடைக்குமாம். டைனோசர் என்று பையில் போட்டிருக்கும், உள்ளே இருப்பது எதுவும் டைனோசர் மாதிரி இருக்காது. ஜப்பான் மிருகங்களை அரைகுறையாகப் பார்த்துச் செய்தவை. கேரி கைகாக்ஸ் என்பவர் அதில் ஒரு பையை வாங்கி, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேஜைக் கதை விளையாட்டில் காய்களாக வைத்து ஆடினார். அவரும் கூட இருந்தவர்களும் அந்த உருவங்களுக்குக் குணமும் கதையும் எழுதினார்கள். ஆவுல்பேர் என்ற ஆந்தைக் கரடி, இரும்பைத் துருவாக்கித் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டர், மண்ணைத் துளைத்து வரும் புலெட், மூன்றும் அந்தப் பையிலிருந்து வந்தவை. ஐம்பது வருடம் தாண்டி இன்றும் அந்த விளையாட்டில் இருக்கின்றன. யாரோ பெயர் தெரியாத ஒரு தொழிலாளி தப்பும் தவறுமாகச் செதுக்கிய அச்சு. தம்பியிடம் அந்த மாதிரி ஒரு பழைய பிளாஸ்டிக் மிருகம் இருக்கிறது. ஆமையின் முதுகு, நீளமான வால், வாலின் நுனியில் துடுப்பு. மூன்று விரல் அகலம்தான். அதற்கு எந்தச் சீட்டும் மாட்டவில்லை. எந்த நிறம் என்று தனக்கே தெரியவில்லை என்றார். எனக்கும் தெரியவில்லை.

மஞ்சள் அலமாரி பற்றி நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். நான் முதல் தடவை போனபோது மஞ்சள் சீட்டுப் பொம்மைகளை விற்றுக்கொண்டுதான் இருந்தார், 350 ரூபாய்க்கு. காப்பி என்று சொல்லித்தானே விற்கிறார் என்று எனக்கு அப்போது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் வாங்கிப் போகிறவர் வீட்டுக்குப் போனதும் சீட்டைக் கழற்றிவிடுவார். அடுத்த கைக்குப் போகும்போது அது ஒரிஜினலாகிவிடும். 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் லபுபு போலிகளைப் பற்றி எச்சரித்தது. துண்டு துண்டாகக் கழன்று குழந்தைகளின் தொண்டையில் அடைக்கும் என்று. தம்பி அதைப் படித்துவிட்டு, இருந்த இருபத்து மூன்று பொம்மைகளின் கண்ணையும் விரலால் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறார். ஒன்பது பொம்மையின் கண் கையோடு வந்துவிட்டது. அன்றோடு விற்பனையை நிறுத்திவிட்டார். இப்போது மஞ்சள் அலமாரி ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். "இது விற்பனைக்கு அல்ல" என்று குறுக்கே ஒரு நாடா கட்டியிருக்கிறார். சீசனில் அவருக்கு அது பெரிய நஷ்டம். நான்கு கடை தள்ளி அதே சரக்கு மலை மாதிரி விற்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே இவர் உட்கார்ந்திருக்கிறார். இதற்காக மட்டுமே அந்தப் பதினேழு படியை ஏறலாம்.

இனி சிவப்புச் சீட்டு. எங்கள் ஊரில் தகரக் கூரைக்குக் கீழே படுத்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். ராத்திரி ஒரு மணிக்கு மேல் தலைக்கு மேல் தடதடவென்று ஒன்று ஓடும். ஒரு மூலையில் தொடங்கி மறு மூலையில் நின்று, கொஞ்சம் சுரண்டிவிட்டு, மறுபடி ஓடும். மரநாய்தான். ஆனால் எங்கள் அம்மா "பூதம் போகுது, கண்ணை மூடு" என்பார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள், எல்லாப் பிள்ளைகளும் இருட்டில் அதற்கு ஓர் உருவம் வரைந்திருக்கிறோம். தம்பி அதைத்தான் பொம்மையாகச் செய்திருக்கிறார். பெயர் தகரப்பூதம்.

முதல் தடவை எனக்குக் காட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. சாம்பல் நிற ரோமத் துணி, நீளமான இரண்டு காது, வாய் நிறையப் பல். எண்ணினேன். ஒன்பது. "தம்பி, இது அந்தப் பொண்ணோட தங்கச்சி" என்றேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் பாராட்டிவிட்டு வந்தால் அது அவருக்குச் செய்கிற துரோகம். "ராத்திரி நீங்க கேட்டப்போ அதுக்குப் பல் இருந்துச்சா? சத்தம்தானே இருந்துச்சு?" என்று கேட்டேன். அவர் அம்மா தையலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

நான்கு மாதம் கழித்துக் கண்ட தகரப்பூதத்தை நான் கையில் வாங்கியதும் உள்பக்கம் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவு நேரம் முகத்தையே பார்த்தேன். பல் இல்லை. வாய் இருக்கும் இடத்தில் கன்னத்திலிருந்து கன்னம்வரை ஒரே நெளிகோடு, தகரத்தின் நெளிவு மாதிரியே, கறுப்புக் கம்பளி நூலில் சங்கிலித் தையல். சிரிக்கிறதா, முறைக்கிறதா என்று சொல்ல முடியாது. கண் இரண்டும் பிளாஸ்டிக் இல்லை, நூலால் நிரப்பித் தைத்தது, எந்தக் குழந்தையும் பிடுங்க முடியாது. ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. உடம்பு பழைய கம்பளிப் போர்வைத் துணி, தடவினால் உள்ளங்கையில் லேசாகக் குத்தும். கால் நான்கும் முட்டிவரை வெள்ளை. டீத் தோட்டத்துக்குள் வந்து நிற்கும் காட்டெருமைக்கு வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி கால் இருக்குமே, அதிலிருந்து எடுத்தாராம். வயிற்றுக்குள் தனித் துணிப்பையில் ஒரு பிடி தேயிலைக் கொட்டை. உலுக்கினால் தடதடவென்று ஓடுகிறது. என் மகள் ஒரு தடவை உலுக்கிவிட்டு, "அம்மா, நம்ம வீட்டு மேல போறது" என்றாள்.

திருப்பியும் பார்த்தேன், பிறகு. அங்குலத்துக்கு பத்து தையல், ஓரம் முழுசாக விட்டிருக்கிறார்கள், அடைப்பு புதுப் பாலிஃபைபர். விலை 480 ரூபாய். ஒன்று தைக்க அவர் அம்மாவுக்கு ஒன்றரை நாள் ஆகிறது. அந்த விலை கம்மி. நான் அவரிடமே சொன்னேன்.

குறைகள் இருக்கின்றன. தேயிலைக் கொட்டையை நன்றாகக் காயவைக்க வேண்டும். எங்கள் ஊர் ஈரத்தில், ஜூலை மழையில் அது பூசணம் பிடிக்கும். அடுப்புச் சூட்டில் இரண்டு நாள் வைத்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன். போர்வைத் துணியை வெட்டுவதற்கு முன் ஒரு தடவை நனைத்துச் சுருக்க வேண்டும், இல்லையென்றால் வாங்கியவர் துவைத்ததும் கழுத்து கோணும். என்னுடையது கோணியது. பழுது பார்க்கக் கொடுத்தால் சொன்ன தேதிக்குக் கிடைக்காது, ஒரு வாரம் கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள். புதன்கிழமை கடை இல்லை. மத்தியானம் ஒன்றரையிலிருந்து மூன்றுவரை சாப்பாட்டுக்குப் பூட்டிவிடுவார். பிளாஸ்டிக் பை தர மாட்டார், நல்லதுதான், கையில் ஒரு மஞ்சப்பை கொண்டுபோங்கள். தாத்தா பாட்டியோடு வருபவர்களுக்குப் படிக்கட்டு சிரமம். கீழே நின்று குரல் கொடுத்தால் அவரே நான்கைந்து பொம்மைகளை எடுத்துக்கொண்டு இறங்கி வருகிறார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவரை விடாமல் நச்சரிக்கிறேன். 2021 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு விற்கும் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும். மத்திய அரசின் கைவினைப் பொருள் துறையில் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்யும் பொம்மைக்கு அதில் விலக்கு உண்டு. அவர் அம்மா பெயரில் அந்தக் கைவினைஞர் அட்டைக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். அட்டை வரும்வரை சிவப்புச் சீட்டில் "பெரியவர்களுக்கான அலங்காரப் பொம்மை" என்று ஒரு வரி சேர்த்து எழுதுகிறார். என் மகளுக்கு வாங்கியதைக்கூட என் கையில்தான் கொடுத்தார். அது இப்போது என் மிஷின் மேல் உட்கார்ந்திருக்கிறது, கழுத்து கோணலோடு. மிதிக்கும்போது உள்ளே கொட்டை உருளுகிற சத்தம் கேட்கிறது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அடுத்த பன்னிரண்டு வரும் என்றார். நனைத்துச் சுருக்கிய துணியில் ஒன்று வேண்டும் என்று 200 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.